கருணையா? கரண்டா?

(‘போரில் நொந்த மண்ணுக்கு இன்று முதலில் வேண்டியது கருணையா? கரண்டா?’ என்ற தலைப்பில், ‘கரண்டே’ என்ற அணியில், மாகறலைச் சேர்ந்த நெசவாளர் வீட்டுப் பெண் பேசியது.)



ஐயா, நான் மாகறல். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போற வழியில, செய்யாத்தங்கரையில இருக்கிற ஊர். ஞானசம்பந்தர் வந்து பாடின ஊர். எங்க ஊர் சிவலிங்கம் உடும்பு வால் மாதிரி இருக்கும். பொன்னிற உடும்பு ஒண்ணு புற்றுக்குள்ளே போய் மறைஞ்ச இடம்னு தலபுராணம் சொல்லுது. சாமியே உடும்பா வந்த ஊர்லேர்ந்து வந்திருக்கேன். அதனால எதிரணி நண்பர்கள் எவ்வளவு இழுத்தாலும் பிடிச்ச பிடியை விடமாட்டேன்! (சிரிப்பு, கைதட்டல்)

எனக்கு முன்னாடி பேசின அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். “குண்டு விழுந்த ஊருக்குப் போய் மெஷினைப் பத்திப் பேசுறீங்களே, அழுகிற பெண்ணுக்கு மெஷின் கண்ணீர் துடைக்குமா?”ன்னு கேட்டார். நல்ல கேள்வி. கைதட்டலும் வாங்கினார். நானும் தட்டினேன். ஆனா ஐயா, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்றதுக்கு முன்னாடி எங்க வீட்டுத் தறிக்கிட்ட உங்களைக் கொஞ்சம் கூட்டிக்கிட்டுப் போகணும்.

எங்க அப்பா குழித்தறியில பட்டு நெய்யறவர். குழிக்குள்ளே காலை விட்டு உட்கார்ந்தா, மிதியை ஒவ்வொரு தடவை மிதிக்கும்போதும் மேலே இருக்கிற ஜக்கார்டு பெட்டியோட கனம் முழுக்க முழங்கால்ல இறங்கும். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் மிதின்னு அவர் எண்ணினது இல்லை. அவர் முழங்கால் எண்ணி வெச்சிருந்தது. (சிரிப்பு) சிரிக்காதீங்க, ராத்திரியில அவர் அந்தக் காலைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பார்.

கோர்வைப் புடவைன்னா உடலுக்குத் தனி நாடா, கரைக்குத் தனி நாடா. இந்தப் பக்கம் நெய்யறவர் உட்கார்ந்தா, அந்தப் பக்கம் கரை நாடாவை வாங்கிப் போட இன்னொரு ஆள் வேணும். கூலிக்கு ஆள் வெக்க வசதி இல்லை. அதனால எங்க அண்ணன் ஏழாவதோட பள்ளிக்கூடத்தை விட்டான். அவன் அந்தப் பக்கம் உட்கார்ந்ததாலதான் இந்தப் பக்கம் நான் டிப்ளமோ எலக்ட்ரிகல் படிச்சேன். என் அண்ணன் படிப்பு போனதுக்கு எந்த யந்திரமும் காரணமில்லை ஐயா. யந்திரம் இல்லாததுதான் காரணம். (கைதட்டல்)

பின்னாடி அந்த ஜக்கார்டு பெட்டியைத் தூக்குறதுக்குச் சின்ன மோட்டார் ஒண்ணு மாட்டினோம். கால் குதிரை சக்திதான். அது கனத்தை மட்டும்தான் தூக்குது. நாடா போடறது இன்னைக்கும் அப்பா கைதான். ஜரிகை எங்கே வரணும்னு முடிவு பண்றது இன்னைக்கும் அப்பா கண்ணுதான். தமிழ்நாட்டுல கைத்தறி நெசவாளருக்கு ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை இலவச மின்சாரம் குடுக்கிறாங்க. 2016-ல 200 யூனிட் ஆச்சு, 2023-ல 300 யூனிட் ஆச்சு. எதிரணி நண்பர்களே, இது கருணையா, கரண்டா? கருணையைக் கரண்டாவே குடுத்திருக்காங்க! (கைதட்டல்)

இப்ப விஷயத்துக்கு வர்றேன். 2012-ம் வருஷம் உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் மின்வெட்டு. அந்தச் சமயத்துல எங்க வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஒரு அண்ணன் வந்தார். இலங்கைத் தமிழர் முகாம்ல இருந்தவர். கரண்ட் போச்சு. நான் பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டிருந்தேன். புத்தகத்தைத் தூக்கிப் போட்டுட்டு அரசாங்கத்தைத் திட்டினேன். அவர் ஏணி மேலேர்ந்து சிரிச்சார்.

“என்ன தங்கச்சி, இதுக்கே இப்பிடிச் சலிக்கிறியள்? நாங்கள் வருசக்கணக்கா இப்பிடித்தான் இருந்தனாங்கள்” அப்படின்னார்.

அவர் ஊர் மயிலிட்டி. யாழ்ப்பாணத்துக்கு வடக்கே, கடற்கரையில மீன்பிடிக்கிற ஊர். பக்கத்துலயே காங்கேசன்துறை சீமெந்து ஆலை. 1990 ஜூன்ல போர் மறுபடி மூண்டது. ஆலை நின்னது. ஊரே இடம் பெயர்ந்தது. குடாநாட்டுக்கு வந்த கரண்டும் நின்னது. மண்ணெண்ணெய், பெட்ரோல், பேட்டரி, சிமெண்ட் எல்லாத்துக்கும் தடை. அப்ப அவருக்குப் பன்னிரண்டு வயசு.

எப்படி ஐயா வாழ்ந்தாங்க? ஜாம் பாட்டில்ல துளி மண்ணெண்ணெய் ஊத்தி, பஞ்சை நனைச்சு, திரி போட்டு விளக்கு. அந்த வெளிச்சத்துல படிச்சுப் பரீட்சை எழுதினாங்க. மோட்டார் சைக்கிளைச் சில துளி பெட்ரோல்ல உசுப்பிவிட்டு, அப்புறம் மண்ணெண்ணெயில ஓட்டினாங்க. ரேடியோவுக்கு பேட்டரி இல்லை. சைக்கிளைத் தலைகீழா நிறுத்தி, பெடலைக் கையால சுத்தி, டைனமோவிலேர்ந்து வயர் எடுத்து ரேடியோவுக்குக் குடுத்தாங்க. இவர்தான் அவங்க வீட்டுல சுத்துற பையன். ராத்திரி பிபிசி தமிழோசை முடியற வரைக்கும் சுத்தணும். கை ஓய்ஞ்சா செய்தி ஓய்ஞ்சிடும். சுத்தி பத்து இருபது பேர் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. ஏன்னா எந்த ஊர்ல குண்டு விழுந்ததுன்னு அதுலதான் தெரியும்.

நான் கேட்டேன், “இருட்டுதான் ரொம்பக் கஷ்டமா இருந்ததா அண்ணா?”ன்னு. அவர் சொன்ன பதிலை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். “இருட்டு பழகிப் போகும் தங்கச்சி. எங்கட வீட்டு லைட்டை எங்கேயோ இருக்கிற ஒருத்தன் நிப்பாட்டினானே, சுவிட்சு எங்கட கையில இல்லையே, அதுதான் பழகேல்லை.”

(கைதட்டல்)

நடுவர் அவர்களே, அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சது. போர் வீட்டை மட்டும் இடிக்கிறதில்லை. மனுஷன் கையில இருக்கிற சுவிட்சைப் பிடுங்குது. அதைத் திருப்பிக் குடுக்காத வரைக்கும் போர் முடிஞ்சதா அர்த்தமில்லை.

இப்ப கண்ணீர் துடைக்கிற கேள்விக்கு வர்றேன். யாழ்ப்பாணத்துல 1987 முதல் ஜெய்ப்பூர் நிலையம்னு ஒண்ணு நடந்து வருது. கண்ணிவெடியிலயும் குண்டுலயும் காலை இழந்தவங்களுக்குச் செயற்கைக் கால் செஞ்சு மாட்டுறாங்க. அங்கே கருணை இல்லையா? இருக்கு. ஆனா கருணை மட்டும் போய் நின்னா அவன் எழுந்து நடந்திருப்பானா? பட்டறை வேணும், அச்சு வேணும், மெஷின் வேணும். அப்பதான் கருணைக்கே கால் முளைக்கும்! (பலத்த கைதட்டல்)

முகமாலைன்னு ஒரு இடம். யாழ்ப்பாணம் போற ஏ-9 சாலையில, படைகள் எதிரெதிரா நின்ன இடம். நிலம் முழுக்க மிதிவெடி. 2009-ல போர் முடிஞ்சும் அங்கே பல வருஷம் வெடி தோண்டிக்கிட்டே இருந்தாங்க. தோண்டினவங்கள்ல நிறைய பேர் பெண்கள். கணவனைப் போர்ல இழந்த பெண்கள். வெயில்ல குந்தி உட்கார்ந்து, அங்குலம் அங்குலமா மண்ணைச் சுரண்டுவாங்க. சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைக்குச் சோறு வடிக்கணும். அந்த இடத்துல கவசம் போட்ட மண்வாரி இயந்திரம் முன்னாடி போய் மண்ணைத் தூக்கினா, அதை வேலையைப் பறிக்கிற யந்திரம்னு சொல்வீங்களா? உயிரைக் காப்பாத்துற யந்திரம்னு சொல்வீங்களா?

இங்கே நான் ஒரு உண்மையை ஒத்துக்கணும். மேடையில ஜெயிக்கணும்னா இதைச் சொல்லக்கூடாது. ஆனா சொல்லாம இறங்கினா ராத்திரி தூக்கம் வராது.

நான் ஒரு தொழிற்சாலையில ஆட்டோமேஷன் பிரிவுல வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். அங்கே பொருளைப் பெட்டியில அடுக்குற வரிசையில பதினோரு பெண்கள் நின்னாங்க. ஒருநாள் ஒரு மெஷின் வந்தது. பொருள் வர்றதைக் கண்ணு மாதிரி ஒரு சென்சார் பார்க்கும், இரும்புக் கை எடுத்து அடுக்கும். அந்தப் பதினோரு பேர்ல ஒன்பது பேரை வீட்டுக்கு அனுப்பினாங்க. அதுல ஒருத்தி என்னோட ஒரே பஸ்ல வர்றவ. ஜன்னல் சீட்டை எனக்குப் பிடிச்சு வெக்கிறவ. நடுவர் அவர்களே, அந்த மெஷினுக்கு வயரிங் பண்ணினவ நான். (அரங்கில் அமைதி)

ஒரு வாரம் அவ முகத்தைப் பார்க்க முடியாம முந்தின பஸ்ஸைப் பிடிச்சேன். அப்புறம் அவளே ஒருநாள் என்னை நிறுத்திச் சொன்னா. “உன் மேல கோபம் இல்லடி. அந்தப் பெட்டியைத் தூக்கித் தூக்கி என் இடுப்பு போயிருந்தது. மெஷின் பெட்டியைத் தூக்கியிருந்தா சந்தோஷப்பட்டிருப்பேன். என்னையும் சேர்த்துத் தூக்கிடுச்சே!”

அதனால நான் கரண்ட் அணியில நின்னாலும் கண்ணை மூடிக்கிட்டு நிக்கலை. இலங்கையில 2010-ல அரசுத் தரப்புல சொன்ன கணக்குப்படி வடக்கிலயும் கிழக்கிலயும் சுமார் 89,000 விதவைகள். அந்த மண்ணுக்கு மெஷினைக் கொண்டுபோறவன் முதல்ல ஒரு கேள்வி கேக்கணும். இது சுமையைத் தூக்குதா, ஆளைத் தூக்குதா? மிதிவெடியை எடு, தண்ணியை இறை, கனத்தைத் தூக்கு. அதுக்கு மெஷின் வரட்டும். ஒரு தையல் மெஷினை நம்பிக் குடும்பத்தை ஓட்டுறவ கையிலேர்ந்து ஊசியைப் பிடுங்க அது வரக்கூடாது. (கைதட்டல்)

‘ஆட்டோமேஷன்’னா ஏதோ அமெரிக்காவுல நடக்கிறதுன்னு நம்ம தாய்மார்கள் நினைக்கிறாங்க. ஒண்ணுமில்லைம்மா. மூணு விசில் வந்தா அடுப்பை அணை, பால் பொங்கினா தீயைக் குறை, தண்ணி வர்ற நேரமானா மோட்டாரைப் போடு. “இது நடந்தா அதைச் செய்.” இவ்வளவுதான். எங்க தொழிற்சாலையில லட்சக்கணக்குல செலவு பண்ணி வாங்கின பெட்டி செய்யற வேலையை எங்க அம்மா சம்பளமே இல்லாம செய்யறாங்க! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலுக்குள்ளே நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுன்னு தீவுகள் இருக்கு. நாட்டோட பெரிய மின் கம்பி அங்கே போகலை. டீசல் ஜெனரேட்டர்தான். டீசலும் படகுலதான் போகணும். அந்த மூணு தீவுக்கும் சூரிய ஒளி, காற்று, பேட்டரி சேர்ந்த மின் திட்டத்துக்கு இந்தியா 1 கோடியே 10 லட்சம் டாலர் நன்கொடை குடுக்குது. 2024 மார்ச்சில ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. சூரிய ஒளியில 1,700 கிலோவாட், காற்றுல 530 கிலோவாட். பகல்ல வெயிலை எடுத்துக்கோ, மிச்சத்தை பேட்டரியில சேமி, ராத்திரி காத்தையும் பேட்டரியையும் வெச்சு ஓட்டு, எதுவுமே இல்லேன்னா கடைசியா டீசலைத் தொடு. இதை ஒரு பெட்டி நொடிக்கு நொடி பார்த்து முடிவு பண்ணும். மாசக் கடைசியில எங்க அம்மா அஞ்சறைப் பெட்டியில காசு எடுக்கிற கணக்குதான் இதுவும்!

சூரியன் எதுக்கு, டீசலே ஓடட்டுமேன்னு கேக்கலாம். யாழ்ப்பாணத்துல வருஷம் முழுக்க ஓடுற ஆறு கிடையாது. சுண்ணாம்புப் பாறைக்குள்ளே ஊறுற கிணத்துத் தண்ணிதான் உயிர். சுன்னாகத்துல எண்ணெயில ஓடின மின் நிலையத்தைச் சுத்தியிருந்த கிணறுகள்ல எண்ணெய் கலந்து போச்சுன்னு ஜனங்க வழக்காடினாங்க. 2019-ல இலங்கை உச்ச நீதிமன்றம் 2 கோடி ரூபாய் இழப்பீடு குடுக்கணும்னு தீர்ப்பு சொன்னது. வெளிச்சம் வாங்கப் போய்த் தண்ணியை விக்கலாமா ஐயா? சூரியன் கிணத்துல எதையும் கொட்டாது.

நம்ம பெயிண்டர் அண்ணன் கதை முடியலை. 2017 ஜூலையில மயிலிட்டித் துறைமுகத்தை ராணுவம் திருப்பிக் குடுத்தது. இருபத்தேழு வருஷம் கழிச்சு. அடுத்த வருஷம் இவர் ஊருக்குத் திரும்பினார். அக்கா ஏற்கெனவே அங்கே வந்திருந்தாங்க. போர்ல கணவரை இழந்தவங்க. மீன் வாங்கி விக்கிறாங்க.

2022 மார்ச்சில ராத்திரி எனக்கு போன். “தங்கச்சி, பழைய காலம் திரும்பியிட்டுது” அப்படின்னார். இலங்கையில பொருளாதாரம் விழுந்து, ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரைக்கும் மின்வெட்டு வந்த சமயம். ஐஸ் இல்லை. வெயில் ஏறுறதுக்குள்ளே மீனை வந்த விலைக்குத் தள்ளணும். இல்லேன்னா கடல்ல கொட்டணும். “ஒரு பேனல் போட்டா அக்காட பிரீசர் ஓடுமோ?”ன்னு கேட்டார்.

நான் கணக்குப் போட்டேன். ஒரு கிலோவாட் பேனல் நம்ம பக்கத்து வெயிலுக்கு நாளுக்குச் சராசரியா நாலு யூனிட் தரும். சின்ன பிரீசர் ரெண்டு யூனிட் தின்னும். நாலு எல்.இ.டி. விளக்கு, ஒரு விசிறி, தாராளமா ஓடும். ஆனா நான் அவருக்கு ஒண்ணு சொன்னேன். அதை இங்கே இருக்கிற எல்லாருக்கும் சொல்றேன், நல்லாக் கேட்டுக்குங்க. கூரையில பேனல் இருந்தா மட்டும் இருட்டு போகாது. பேட்டரி இல்லாம லைன் கரண்டோட சேர்த்து மாட்டுற பேனல், லைன்ல கரண்ட் போனா தானும் நின்னுடும். கம்பத்துல ஏறி வேலை செய்யறவர் மேல கரண்ட் பாயக்கூடாதேன்னு அப்படி வெச்சிருக்காங்க. மேலே பேனல் மேல உச்சி வெயில் அடிக்கும், கீழே வீட்டுல விசிறி சுத்தாது! பில்லு குறையும், சுவிட்சு கைக்கு வராது. அதனால பேட்டரியும் தனி இன்வர்ட்டரும் சேர்த்துப் போடச் சொன்னேன். செலவு கூடுதல்தான். பேட்டரிக்கு ஆயுசும் சில வருஷம்தான். அதைப் பார்த்துக்க அதே ஊர்ப் பிள்ளை ஒருத்தருக்குச் சொல்லிக் குடுக்கணும். இல்லேன்னா நாலு வருஷம் கழிச்சு அந்தப் பேனலுக்குக் கீழே கோழிதான் நிழலுக்கு ஒதுங்கும். (சிரிப்பு)

ஒரு வீடு தனியா இதைச் செய்ய முடியாது. எங்க காஞ்சிபுரத்துல பட்டுக் கூட்டுறவுச் சங்கம் இருக்கிற மாதிரி, அங்கேயும் பனை தென்னைக்கு, மீனுக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் உண்டு. பேனலைத் தனி ஆளுக்குத் தர்மமா குடுக்காம, சங்கத்துக்குச் சொத்தா குடுங்க. அதுல ஓடுற மெஷினும் சங்கத்து மெஷினா இருக்கட்டும். அப்ப அது யாரையும் வீட்டுக்கு அனுப்பாது. தன் வீட்டு ஆளைத் தானே எப்படி வெளியே அனுப்பும்?

அண்ணன் உடனே வாங்கலை. அப்ப அந்த நாட்டுல பேனல் கப்பல்ல வர்றதே கஷ்டம். 2023 கடைசியில, அஞ்சு குடும்பம் சேர்ந்து பணம் போட்டு, பழைய பேனல் ரெண்டு, புது பேட்டரி, ஒரு பிரீசர் வாங்கினாங்க. அன்னைக்கு வீடியோவுல கூப்பிட்டார். அக்கா முதல் முதலா சுவிட்சைப் போட்டாங்க. பிரீசர் ‘ம்’ம்னு முனகினது. அக்கா உடனே அணைச்சாங்க. மறுபடி போட்டாங்க. மறுபடி அணைச்சாங்க. “பழுதாகப் போகுது, விடு அக்கா!”ன்னு அண்ணன் கத்தறார். அதுக்கு அந்த அம்மா சொன்னாங்க, “இரடா, நான் அணைச்சுத்தான் அணையுதோ எண்டு பார்க்கிறன்.”

(நீண்ட கைதட்டல்)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர் கண்ணீர் துடைக்கிற கையைக் கேட்டார். அந்தக் கை வேணும், நான் மறுக்கலை. ஆனா துடைச்சுட்டு அந்தக் கை திரும்பிப் போயிடும். ராத்திரி மறுபடி இருட்டும். அவங்க கையில ஒரு சுவிட்சைக் குடுத்துட்டுப் போங்க. போடறதும் அவங்க இஷ்டம், அணைக்கிறதும் அவங்க இஷ்டம்.

உடும்புப் பிடியாச் சொல்றேன், கரண்டே! கரண்டே!

(பலத்த கைதட்டல்)